கிறுகு பாலத்து ஸலாம்

“பாலம் கிறுகி நிக்கக்குள்ள அதுக்கு மேல ஆரு புள்ள நடக்கிற?”

இமக்குலேற் அக்கா இதைக் கேட்டது ஒரு மாலையில், ரயில் கேட்டைத் தூக்கிவிட்டு, கையிலிருந்த பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டே. கடையில் சீனி விலை விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். ஸம்றா உடனே பதில் சொல்லவில்லை. யார் எதைக் கேட்டாலும் முதலில் அவள் தொண்டைக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“நீதான் எண்டு நினைச்சன். முக்காடு போட்டாப்போல ஒரு ஆள். அந்தக் கடசியில இருந்து உன்ட கூண்டடி வரைக்கும் வந்திச்சி. மறுகா திரும்பிப் போயித்து.”

“நான் உள்ளுக்கதான் இருந்தன்” என்றாள் ஸம்றா, மெல்ல.

“அப்ப நிழலாக்கும். எனக்கும் கண்ணாடி மாத்தணும், உன்ட வாப்பாட கண்ணுக்குப் போட்டியா என்ட கண்ணும் கிளம்பிட்டு” என்று சிரித்துவிட்டு அக்கா போய்விட்டார். ஸம்றா மட்டும் திரும்பிப் பார்த்தாள். அந்த மாலையில் வெயிலே இல்லை. மேகம் மூடியிருந்தது. எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லை.

கோரைமுனையில் களப்பின் உப்புத் தண்ணீர் ஆறாக ஓடிக் கடலோடு சேரும் இடத்தில் நிற்கிறது அந்த இரும்புப் பாலம். ஊர் வாயில் அதற்குக் கிறுகு பாலம், அதாவது சுழலும் பாலம், என்று பெயர். ஆற்றின் நடுவே ஒரு பருத்த வட்டத் தூண். தூணின் மேல் இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் நீளமான இரும்புத் தட்டு. தட்டின் மேல் தண்டவாளம். காலையும் மாலையும் ரயில் பஸ் அதன்மேல் தடதடத்துப் போகும். தையல் ஃபெக்டரிப் பெண்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள், ஒலுவில் கெம்பஸ் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் வழி. கடலிலிருந்து பெரிய மீன்பிடிப் போட்டு ஏதும் களப்புக்குள் வர வேண்டுமானால் தட்டு முழுவதும் தூணின் மேல் மெதுவாகச் சுழன்று ஆற்றின் நீளத்துக்கு நின்று வழி விடும். அதைச் சுழற்றுகிற கூண்டு தட்டின் நடுவில், தூணுக்கு நேர் மேலே இருந்தது. ஆகவே பாலம் திறந்திருக்கும் நேரமெல்லாம் சுழற்றுகிறவர் ஆற்றின் நடுவில்தான். முன்னால் ஒரு நுனி, பின்னால் ஒரு நுனி, இரண்டும் வெறும் தண்ணீரின் மேல். மூடும்வரை எந்தக் கரைக்கும் போக முடியாது. எந்தக் கரையிலிருந்தும் எவரும் வரவும் முடியாது.

வேலை அவளுடைய வாப்பா முத்தலிபுடையது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, எதிரில் வருவது ஆளா தூணா என்று தெரியாத நிலைக்கு அவர் வந்த பிறகு, யாருக்கும் சொல்லாமல் ஸம்றா அந்தக் கூண்டில் உட்கார ஆரம்பித்தாள். பக்கத்திலேயே புதுக் கொங்கிறீட் பாலம் உயரமாக எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கீழால் போட்டுகள் தாராளமாகப் போகும், கிறுக்கத் தேவையில்லை. அது திறக்கும்வரை வாப்பாவின் பெயர் பதிவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய ஓய்வூதியம் போய்விடும். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இமக்குலேற் அக்கா. மற்றவர் பாலத்தைப் பழுதுபார்க்க வந்த நிரோசன்.

ஸம்றாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பத்தாம் ஆண்டில் எழுந்து நின்று வாசி என்றால் அவளுக்குக் குரல் வராது. பிள்ளைகள் ‘ஊமைச்சி’ என்றார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாள், மறுநாளும் இருந்தாள், அப்படியே நின்றுவிட்டாள். உம்மா மௌத்தாகி, மூத்தவள் நப்லா ராத்தா கலியாணம் முடித்து இறக்காமத்துக்குப் போன பிறகு வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. கூண்டுக்குள் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. இரும்பு எதையும் கேட்பதில்லை.

எல்லாம் நிரோசன் வந்து தூணைத் திறக்கும்வரைதான்.

தட்டைத் தாங்கிச் சுழற்றுகிற உருளைகள் தேய்ந்து பாலம் பல நாளாக முனகிக்கொண்டிருந்தது. புதுப் பாலம் வரும்வரையாவது இது ஓட வேண்டும் என்று ஆட்கள் ஜக்கி வைத்துத் தட்டைத் தூக்கினார்கள். கூண்டின் தரையில் ஓர் இரும்பு மூடி இருந்தது. அதைக் கழற்றினால்தான் கீழே கை போகும். மூடியைப் புரட்டிப் போட்டபோது நிரோசன் ‘அட’ என்றான். மேல்பக்கம் முழுக்கத் துரு, செதில் செதிலாக. உள்பக்கத்தில் மட்டும் துரு இல்லை. கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த படிக்கட்டுப் பிடிபோல் வழுவழுவென்று மினுங்கியது.

“உள்ளுக்க ஆரோ நல்லாத் துடைச்சி வெச்சிருக்கான் தங்கச்சி. நம்மட ஆக்கள் வெளியிலயே துடைக்கமாட்டானுகள்” என்று அவன் சிரித்தான். வேலையாட்களும் சிரித்தார்கள். கீழே தூணின் வயிறு இருட்டாக இருந்தது. அதிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று, நெடுநாள் பூட்டிய வீட்டைத் திறந்ததுபோல், சேறும் ஊறிய துணியும் கலந்த மணத்தோடு மேலே வந்து ஸம்றாவின் முகத்தைத் தடவிப் போனது.

வாப்பா கரையில் நின்று, “மறுகா இந்தத் தூண என்ன செய்வீங்க தம்பி?” என்று சத்தமாகக் கேட்டார்.

“மேல இருக்கிற இரும்ப வெட்டி எடுப்பம். தூண எடுக்க ஆரு செலவழிக்கப் போறான்? அது ஆத்துக்குள்ள கிடந்துட்டுப் போகட்டும்.”

வாப்பா வெள்ளை படர்ந்த கண்களைத் தூணின் பக்கம் திருப்பியபடி நெடுநேரம் நின்றார்.

போகும்போது நிரோசன் இரண்டு கண்ணாடிக் குழாய்களைப் பூட்டிவிட்டுப் போனான். மேசன்மார் சுவருக்கு மட்டம் பார்க்கிற மாதிரிக் குழாய். உள்ளே மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு குமிழி. ஒன்று கூண்டின் மேசையில். மற்றது தட்டின் நுனியில், கைபிடிக் கம்பியில்.

“இங்க பாரு தங்கச்சி. திறந்து நிக்கக்குள்ள பாலம் தராசு மாதிரி. ஒரு நுனியில ஒரு ஆள் ஏறினாலும் அந்தப் பக்கம் மயிரளவு தாழும், குமிழி மத்தப் பக்கம் ஓடும். குமிழி நடுவில நிண்டா பாலத்தில ஆருமில்ல. பயப்படாமக் கிறுக்கலாம்.”

“நான் இரிக்கனே?” என்று அவள் கேட்டுவிட்டாள்.

“நீ நடுவிலயெல்லா இரிக்காய். நடுவில இரிக்கிற ஆளத் தராசுக்குத் தெரியாது.”

அதன் பிறகு சில மாலைகளில், பாலம் திறந்திருக்கும்போது, குமிழி சற்று விலகி நின்றது. காற்றாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்றில்லாத நாளிலும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நோன்பு மாதத்தின் நடுவில் வந்தது. கடலில் தாழமுக்கம் என்று காலையிலிருந்தே வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்க எல்லாரும் வீடு சேர வேண்டுமென்று ரயில் பஸ் நேரத்தோடு வந்து போய்விட்டது. இமக்குலேற் அக்கா கேட்டைப் பூட்டினார். கிறிஸ்தவர்களுக்கும் அது தவக்காலம். கோயிலில் சிலுவைப்பாதை இருந்தது. “நான் வாறன் புள்ள, கெதியா வீட்ட போ” என்று குடையை விரித்துக்கொண்டு போனார். ஸம்றாவும் கூண்டைப் பூட்டப் போனவள்தான். அப்போதுதான் ஊர் மீனவன் டனிஸ்டனுடைய போட்டு வந்தது. ஒலுவில் துறைமுக வாயை மண் மூடிக் கிடந்ததால் அங்கே நுழைய முடியாமல், அலை பின்னால் துரத்த, ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. மேல் தட்டில் ஆட்கள் நின்று கையை ஆட்டினார்கள். திறக்காமல் இருக்க முடியாது.

கிறுக்குவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. கூண்டுக்கு வெளியே வந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, சுத்தியலால் தண்டவாளத்தில் தட்ட வேண்டும். கேட்டடியில் இருப்பவர் கரைத் தண்டவாளத்தில் திருப்பித் தட்டுவார். கேட் பூட்டியாயிற்று, பாலத்தில் யாருமில்லை என்று அர்த்தம். இன்றைக்குக் கரையில் ஆளில்லை. இருந்தும் கைப்பழக்கத்தில் ஸம்றா தட்டினாள்.

திருப்பித் தட்டுகிற சத்தம் வந்தது.

அக்கா இன்னும் போகவில்லையாக்கும் என்று எண்ணிக்கொண்டு உள்ளே போய் விசையை அழுத்தினாள். பாலம் நகர ஆரம்பித்து, கரை இரண்டும் மெல்ல விலகி, இடையில் தண்ணீர் அகன்ற பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. கேட்டடியில் யாருமில்லை. அந்தச் சத்தம் கரையிலிருந்து வரவில்லை. அவளுடைய காலுக்குக் கீழே இருந்து வந்தது.

போட்டு அவளைக் கடந்து போனது. டீசல் மணமும் ஐஸில் கிடந்த மீன் மணமும் கூண்டை நிறைத்தன. டனிஸ்டன் கை உயர்த்தி நன்றி சொன்னான். போட்டின் வெளிச்சம் களப்பின் வளைவில், கண்டல் மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. அவள் மூடுகிற விசையை அழுத்தினாள். மோட்டர் ஒருதரம் உறுமியது. பிறகு நின்றது. கூண்டு பல்பும் அணைந்தது. கல்முனைப் பக்கத்தில் ஊர் வெளிச்சம் எல்லாம் ஒன்றாகப் போயிற்று, யாரோ ஊதி அணைத்ததுபோல.

வாப்பாவுக்கு எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பள்ளிவாசலில் இருப்பார், நோன்பு திறக்க. நிரோசனுக்கு எழுதி அனுப்பினாள். கதைப்பதைவிட அவளுக்கு அது எளிது. ‘எல்லா இடமும் கரண்ட் இல்ல தங்கச்சி. நான் மட்டக்களப்பில. பொறுத்திரு’ என்று பதில் வந்தது.

பொறுத்திருந்தாள். வேறென்ன செய்ய? வானத்தின் மேற்கில் புகைச் சிவப்பாக ஒரு கீற்று மிச்சமிருந்தது. கீழே ஆறு கடலை நோக்கிப் போகிறதா, கடல் ஆற்றுக்குள் வருகிறதா என்று தெரியாமல் தூணைச் சுற்றி முறுகிச் சுழித்தது. புதுப் பாலத்தின் தூண்கள் பக்கத்தில் வரிசையாக நின்றன, கைக்கு எட்டுகிற மாதிரி, எட்டாமல். கரையில் நாய்கூட இல்லை. ஊர் முழுவதும் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து பாங்கொலிக்காகக் காத்திருக்கும் நேரம் அது. வருடத்தின் எந்த நேரத்திலும் இந்தத் தெருக்கள் இவ்வளவு வெறுமையாக இருப்பதில்லை. நோன்பு மாதத்தில் ஷைத்தான்களுக்கு விலங்கு போட்டிருக்கும் என்று மதரசாவில் படித்தது நினைவுக்கு வந்தது. அது கொஞ்சம் தைரியம் தந்தது. ஷைத்தானுக்கு மட்டும்தானா விலங்கு என்று உடனே ஒரு யோசனையும் வந்தது. அதை யோசிக்காமல் விட்டாள்.

கல்முனைக்குடிப் பக்கமிருந்து, காற்றில் கிழிந்து கிழிந்து, பாங்கு வந்தது.

அவள் பையிலிருந்து ஈத்தம்பழத்தை எடுத்தாள். பிஸ்மி சொல்லி வாயில் வைத்தாள். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகும்போது மேசையில் கண் போனது.

குமிழி நடுவில் இல்லை.

களப்புப் பக்கமாக, குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் ஃபோன் வெளிச்சத்தைக் காட்டினாள். காற்று நின்றுபோயிருந்தது. தட்டு அசையவில்லை. கடல் பக்கத்து நுனியில் மட்டும் ஒரு பாரம் ஏறியிருந்தது.

குமிழி நகர்ந்தது. மிகச் சிறிதாக. நின்றது. மறுபடி நகர்ந்தது. நடப்பதுபோல் நின்று நின்று, குழாயின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வந்தது. நுனியில் ஏறிய பாரம் கூண்டை நோக்கி வந்தால்தான் அப்படி வரும். நடக்கிற சத்தம் இல்லை. தட்டில் விரித்த இரும்புத் தகடுகள் ஆள் நடந்தால் கட்டாயம் கணீரென்னும். ஒன்றும் கேட்கவில்லை. ஈரத் துணி இழுபடுகிற மாதிரி மட்டும், எங்கேயோ.

குமிழி நடுவுக்கு வந்தது.

அங்கேயே நின்றது.

நடுவில் நின்றால் பாலத்தில் யாருமில்லை. நடுவில் இருக்கிற ஆளைத் தராசுக்குத் தெரியாது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

கதவுக்கு மறுபக்கத்தில். மெல்லிய குரல். பெண் குரல்.

“வஅலைக்குமுஸ்ஸலாம்.”

சொல்லி முடிந்தது. அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஸலாம் கேட்டால் பதில் சொல்வது மூச்சு மாதிரி. தும்மினால் கண் மூடுகிற மாதிரி. உலகத்தில் அவள் தொண்டைக் கதவு சாத்தாமல் வெளியே விடுகிற ஒரே சொல் அதுதான். நாக்கில் ஈத்தம்பழத்தின் இனிப்பு இருக்கும்போதே அது போய்விட்டது. வெளியே யாரும் கதவைத் திறக்கவில்லை. தட்டவும் இல்லை. நீண்ட நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஃபோன் அடித்தது. வாப்பா.

“மகள், எங்க இரிக்காய்? ஏன் இன்னும் வரல்ல?”

“பாலத்தில வாப்பா. திறந்து நிக்கிது. கரண்ட் போயித்து.”

அந்தப் பக்கத்தில் கோப்பை கீழே வைக்கும் சத்தம். பிறகு வாப்பாவின் குரல் மாறியது. அவள் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதே இல்லை.

“ஆரும் ஸலாம் சொன்னாங்களா?”

அவள் வாயைத் திறந்தாள்.

“மகள், கேட்டயா? ஸலாம் சத்தம் கேட்டயா?”

“ஓம்.”

“நீ பதில் சொன்னயா?”

தொண்டைக்குள் கதவு சாத்திக்கொண்டது. ஓம் என்ற சொல் கதவுக்குப் பின்னால் நின்றது. வாப்பா அதட்டினார்: “சொல்லு புள்ள!” பயத்தில், கதவிடுக்கால் எளிதாக நுழையக்கூடிய சின்னச் சொல் ஒன்றுதான் வெளியே வந்தது.

“இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்.” வாப்பா மூச்சு வாங்கினார். “சொல்லாத. எத்தின தரம் சொன்னாலும் பதில் சொல்லாத. நான் இத்தின வருஷமா ஒரு நாளும் சொல்லல்ல. குத்தமோ எண்டு தொழுகையில அழுதிரிக்கன், ஆனா சொல்லல்ல. நோம்பு மாசத்தில வராது எண்டு நினைச்சிட்டன் மகள், உன்னப் பயப்படுத்தக் கூடாதெண்டு சொல்லாம விட்டுட்டன். பதில் சொல்லாட்டி அதால ஒண்டும் ஏலா. பாலத்த விட்டுக் கரையேற அதுக்கு உத்தரவில்ல. விளங்கிச்சா?”

“வாப்பா…”

“பயப்படாத. கீழ மூடியத் திற. உள்ளுக்க கைபிடி போடுற தண்டு இரிக்கி. ரெண்டு பேர் சுத்துற கைபிடி, பாரம்தான். மெல்ல மெல்லச் சுத்து, பாலம் வரும். நீதான் பதில் சொல்லல்லயே, தைரியமாத் திற. நான் கரைக்கு வாறன்.”

இல்ல வாப்பா, சொன்னேன். அவள் அதைச் சொல்ல முயன்றாள். உதடுகள் அசைந்தன. ஃபோன் வெட்டுப்பட்டிருந்தது. மறுபடி எடுத்தாள். மணி போனது, அவர் எடுக்கவில்லை. இருட்டில் தடவித் தடவிக் கரைக்கு ஓடி வந்துகொண்டிருப்பார்.

கூண்டுக்குள் இருப்பதா, மூடியைத் திறப்பதா? வெளியே அந்த மூச்சு இருந்தது. உள்ளே அவள் இருந்தாள். இடையில் ஒரு தகரக் கதவு. பாலத்தைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. குனிந்தாள். மூடியின் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். ஆட்கள் கம்பி வைத்து நெம்பிய மூடி அது. பானை மூடியைப்போல் தூக்கிக்கொண்டு வந்தது.

கீழிருந்து யாரோ தள்ளியதுபோல.

அதே மணம். சேறு. ஊறிய துணி. அவள் கீழே பார்க்கவில்லை. கூண்டுச் சுவரில் தொங்கிய கைபிடியைத் தண்டில் மாட்டினாள். இரண்டு பக்கமும் பிடி உள்ள நீண்ட இரும்பு. தன் பக்கத்துப் பிடியைப் பிடித்து முழுப் பலத்தோடும் தள்ளினாள். அசையவில்லை. மறுபடி. ஒரு விரலளவு. மறுபடி. தோள் மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு காவலுக்கு ஓதும் குர்ஸி ஆயத்தை ஓத ஆரம்பித்தாள்; பாதியில் வசனம் தவறிப்போனது. ஆரம்பத்திலிருந்து ஓதினாள். மறுபடி அதே இடத்தில் தவறியது.

கைபிடி இலேசானது.

வழுக்கிக்கொண்டு சுற்றியது. பாலம் நகர்வது காலில் தெரிந்தது. கரை வருகிறது. தண்ணீர் குறைகிறது. அல்லாஹ்வே, கரை வருகிறது. அவள் சுற்றினாள். இரண்டு பேர் சுற்றுகிற கைபிடி இவ்வளவு இலேசாக, இவ்வளவு ஒழுங்காக.

இரண்டு பேர்.

கண்ணைத் திறந்தாள்.

மேசையில் கிடந்த ஃபோன் வெளிச்சத்தில், எதிர்ப் பிடியில் இரண்டு கைகள். ஈரக் கைகள். நகங்களில் பழைய மருதோன்றி பாதி வளர்ந்து போயிருந்தது, அவளுடையதைப்போல. இடது கையில் ரொட்டிக் கல் சுட்ட தழும்பு. அவளுடையது. கைகளுக்கு மேலே கறுப்பு அபாயா. அதற்கு மேலே முக்காடு. அதற்கு மேலே.

சத்தம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வராத அதே சத்தம்.

தட்டு கரையோடு போய் மெல்ல முட்டி நின்றது. நுனிகளைத் தாங்குகிற ஆப்புகளை இறக்க யாருமில்லை; பாலம் இன்னும் தராசாகத்தான் நின்றது. கரையில் டோர்ச் வெளிச்சம் ஆடியது. “மகள்! மகள்!” வாப்பா. அவர் கையைப் பிடித்தபடி இமக்குலேற் அக்கா, கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு.

எதிரில் இருந்தவள் எழுந்தாள். மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். ஃபோனை எடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள், ஸம்றா செய்வதுபோல் இடது கையால். கதவைத் திறந்து வெளியே நடந்தாள். தகடுகள் அவள் செருப்புக்குக் கீழே கணீர் கணீரென்றன.

ஸம்றா பின்னால் ஓடினாள். தகடுகள் சத்தமிடவில்லை.

ஓடினாள். தட்டின் நுனிவரை. மற்றவள் ஓரடி எடுத்து வைத்துக் கரையில் இறங்கினாள். ஸம்றாவும் காலைத் தூக்கினாள். கால் போகவில்லை. இரும்பு முடிகிற இடத்தில், காற்றில், கால் நின்றது. கையை நீட்டினாள். கையும் நின்றது. தண்ணீருக்குள் இருந்து மேலே தட்டுகிறவளைப்போல் இரண்டு கைகளாலும் அந்த வெறுமையில் அடித்தாள்.

“வந்துட்டியா மகள்?” வாப்பா கைகளால் தேடி அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டார். “பதில் சொல்லல்ல தானே? திரும்பவும் கேக்கன், சொல்லல்ல தானே?”

அவர் உள்ளங்கைகளுக்கு இடையில் அந்த முகம் ‘இல்லை’ என்று அசைந்தது.

“அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.” வாப்பா அழுதார்.

“என்ன புள்ள, கை இப்பிடிக் குளிருது?” இமக்குலேற் அக்கா கையைத் தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். “என்ன நடந்த? வாயத் திறந்து சொல்லன்.”

“விடு இமக்குலேற். அவ எப்பயும் இப்பிடித்தானே. கதைக்கமாட்டா.”

வாப்பா. இங்கே பாருங்கள் வாப்பா. நான் இங்கே. ஸம்றா கத்தினாள். முழுத் தொண்டையும் கிழியக் கத்தினாள். கதவு இல்லை இப்போது. எதுவும் சாத்தவில்லை. ஆனால் வெளியே ஒன்றும் போகவில்லை.

இமக்குலேற் அக்கா டோர்ச்சைப் பாலத்தின் பக்கம் திருப்பினார். வெளிச்சம் ஸம்றாவின் மேல் விழுந்தது. அவளுக்கு ஊடாகப் பின்னால் தகடுகளில் விழுந்தது. தகடுகளில் அவளுடைய நிழல் இல்லை. அக்காவின் கண்கள் சுருங்கின. வாய் எதையோ கேட்கத் திறந்தது, அன்றைக்குக் கேட்ட அதே கேள்விபோல. கேட்கவில்லை. கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

பக்கத்தில் கைபிடிக் கம்பியில் நிரோசன் பூட்டிய குழாய் அந்த வெளிச்சத்தில் மஞ்சளாக மின்னியது. ஸம்றா தட்டின் நுனியில் குதித்தாள். இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தாள். இன்னும் ஓங்கி. குமிழி அசையவில்லை. சரியாக நடுவில் நின்றது. பாலத்தில் யாருமில்லை.

பின்னால், கூண்டுக்குள், மூடி திறந்தே கிடந்தது. அதிலிருந்து குளிர் வந்தது. அந்தக் குளிர் அவளை இழுக்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

கரையில் மற்றவள் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் தெரியாத மனிதரைக் கல் தடுக்காமல், சேற்றில் கால் படாமல், எவ்வளவு பக்குவமாக அழைத்துப் போனாள். தெருமுனையில் வாப்பா ஏதோ கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டை நோக்கி, ஒரு வார்த்தை பேசாமல், நடந்து போனாள்.